ஷிகோகு 88 கோயில் நடை: பழனிக்கு நடந்த காலுக்கு ஒன்பது நாள் போதுமா?

குன்றக்குடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் வேலையா கோபேக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, ஆகஸ்டுல ஊர் திரும்பணும். ஏப்ரல் கடைசியில வர்ற கோல்டன் வீக் லீவோட என் சொந்த லீவையும் சேர்த்தா ஒன்பது நாள் தேறும்.

வயசு 42. தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து காவடிக் கூட்டத்தோட பழனிக்குப் பதினோரு தடவை நடந்திருக்கேன், செருப்பில்லாம. இந்தத் தைப்பூசம் அன்னிக்கு மட்டும் இங்க ஒரு மீட்டிங் ரூம்ல உட்கார்ந்து எக்செல் ஷீட் பார்த்துட்டு இருந்தேன். ராத்திரி தூக்கமே வரலை. மறுநாள் கூட வேலை பார்க்கிற ஜப்பான்காரர்கிட்ட பழனி நடையைப் பத்திப் புலம்பினேன். அவர்தான் சொன்னார்: பக்கத்துல ஷிகோகுன்னு ஒரு தீவு, கோபோ தாய்ஷிங்கிற துறவி நடந்த தடம், 88 கோயில், சுத்தி வந்தா ஏறக்குறைய 1200 கிலோமீட்டர்னு.

அதுல இருந்து மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. ஒன்பது நாள்ல எவ்வளவு தூரம் போகலாம்? நான் புத்த மதம் இல்லை, கோயில்ல எதுவும் சொல்லுவாங்களா? சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. வெறுங்காலோட நடக்கலாமா? அப்புறம் மனசுல உறுத்துற ஒண்ணு. இது நிஜமாவே அந்தப் பெரியவர் நடந்த பாதையா, இல்ல டூரிசம் ஆபீஸ்காரங்க மேப்ல போட்ட கோடா?

சைக்கிள்_தாத்தா:

வெறுங்கால் வேண்டவே வேண்டாம் தம்பி. நான் சைக்கிள்ல சுத்தினவன், அதனால ரோட்டைப் பத்தி அடிச்சுச் சொல்லுவேன். மலைக்காடுன்னு கனவு கண்டுட்டுப் போறவங்க முதல் நாளே ஏமாந்துடுவாங்க. பெரும்பகுதி தார் ரோடு. பக்கத்துலயே லாரி போகும், நடுநடுவே சுரங்கப்பாதை வரும். முதுகுப்பையில மினுங்குற பட்டை ஒட்டிக்கோங்க. பஸ்ல, கார்ல சுத்துறவங்கதான் அங்க அதிகம், அவங்களுக்கும் அதே மரியாதைதான். மத்ததுக்கு வெண்கோல் அம்மா வருவாங்க, அவங்க முழுசும் நடந்தவங்க.

வெண்கோல்:

கூப்பிட்டாச்சு, வந்துட்டேன்.

தம்பி, ஒன்பது நாள்ல 88 ஆகாது, அதை முதல்லயே விட்டுடுங்க. நல்லா நடக்கிறவங்களுக்கே நாற்பது நாள் பிடிக்கும், என்னை மாதிரி ஆளுக்கு ஐம்பது. நான் ஒசாகாவுல வேலையை வச்சுக்கிட்டு நாலு வருஷத்துல, ஏழு தவணையா முடிச்சேன், சீட்டுப் பணம் கட்டுற மாதிரி. இப்படித் துண்டு துண்டா நடக்கிறதுக்கு அங்க 'குகிரி-உச்சி'ன்னு பேரே இருக்கு. யாரும் இளப்பமாப் பார்க்க மாட்டாங்க. ஷிகோகுன்னாலே 'நாலு நாடு'ன்னு அர்த்தம். அதுல முதல் நாடு ஆவா, இப்போதைய தொக்குஷிமா. 1 முதல் 23 வரைக்கும் கோயில்கள் அங்க இருக்கு. பழனிக்கால் இருந்தா எட்டு நாள், வழியில சுணங்கினா ஒன்பது. அதை மட்டும் எடுத்துக்கோங்க.

இப்போ உங்க கடைசிக் கேள்வி. எனக்கும் முதல் நாள்ல இருந்து அதுதான் உறுத்திச்சு.

அந்தத் துறவியோட பேர் கூக்காய். கோபோ தாய்ஷிங்கிறது அவர் மறைஞ்சு பல வருஷம் கழிச்சு, 921இல் அரண்மனை கொடுத்த பட்டம். 774இல் இதே ஷிகோகுவுல பிறந்தவர். 75ஆவது கோயில் சென்ட்சூஜிதான் பிறந்த இடம்னு சொல்றாங்க. 797இல், இருபத்தி சொச்சம் வயசுல எழுதின ஒரு நூல்ல அவரே சொல்றார்: ஆவாவுல தாய்ர்யூ மலை ஏறினேன், அடுத்த நாடான தோசாவுல முரோத்தோ முனையில தவம் இருந்தேன், பள்ளத்தாக்கு எதிரொலி கொடுத்தது, விடிவெள்ளி வந்து நின்னதுன்னு. அந்த மலைதான் 21ஆவது கோயில் தாய்ர்யூஜி. முனையில இருக்கிறது 24ஆவது. அங்க இருக்கிற குகைக்குள்ள உட்கார்ந்து வெளியே பார்த்தா வானமும் கடலும் மட்டும்தான் தெரியும்னும், அதனாலதான் 'கூ' வானம், 'காய்' கடல்னு பேர் வச்சுக்கிட்டார்னும் ஊர்ல சொல்லுவாங்க.

அவர் கைப்பட எழுதி வச்சது ஏறக்குறைய அவ்வளவுதான். மத்த கோயில்களுக்கெல்லாம் அவர் போனாரா? தலபுராணம் போனார்னுதான் சொல்லும். நம்ம ஊர்ல பாண்டவர் தங்காத குகை உண்டா, அந்த மாதிரி வச்சுக்கோங்க. 88ங்கிற வரிசையே அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு கழிச்சு வந்தது. 1687இல் ஷின்னென்னு ஒரு துறவி சாதாரண ஜனங்களுக்காக வழிகாட்டி நூல் போட்டார், பாதையில கல்லும் நட்டு வச்சார். அப்புறம் நாகாத்சுகாசா மோஹேன்னு ஒருத்தர், மெய்ஜி காலத்து (1868-1912) ஆள். வீட்டை விட்டு வந்தவர் திரும்பவே இல்லை, 280 சுற்று நடந்தார். அவர் நட்ட கல் இருநூறுக்கு மேல இன்னும் நிக்குது. கல்லுல ஒரு கை செதுக்கியிருக்கும், விரல் வழியைக் காட்டும், பக்கத்துல அது எத்தனையாவது சுற்றுன்னும் வெட்டியிருக்கும். காட்டுல வழி தவறி நின்னப்போ, பாசி பிடிச்ச அந்த விரலைத் தடவிப் பார்த்துத்தான் நான் திரும்பியிருக்கேன். ஜிபிஎஸ் அப்போ என்னை ஒரு ஆரஞ்சுத் தோட்டத்துக்குள்ள நிறுத்தி வச்சிருந்தது.

அதனால அவர் தடமான்னு கேட்டா, ரெண்டு மூணு இடத்துல நிச்சயம். மீதி எல்லாம் அவரை நம்பி நடந்தவங்க தடம். வழியில சின்னச் சின்னக் கல்லறைக் கல் பார்ப்பீங்க, அதெல்லாம் நடக்கிறப்போ செத்துப்போன ஹென்ரோக்கள். ஹென்ரோன்னா அந்தப் பாதையில நடக்கிற யாத்திரிகர். நாம போடுற வெள்ளைச் சட்டையே சவத்துக்குப் போடுற வெள்ளைதான். வழியில விழுந்தா மாத்த வேண்டியதில்லை, கைக்கோலையே தலைமாட்டுல நட்டுடுவாங்க. எனக்கு இதைச் சொன்னது ஒரு சத்திரக்காரம்மா. சோறு பரிமாறிக்கிட்டே சொன்னாங்க!

அந்தக் கோலைப் பத்திச் சொல்லணும். கொங்கோஸுவேன்னு பேர். அங்க அது வெறும் ஊன்றுகோல் கிடையாது, அதுதான் கோபோ தாய்ஷி. சட்டையிலயும் பிரம்புத் தொப்பியிலயும் 'தோக்யோ நினின்'னு எழுதியிருக்கும், ஒரே வழியில ரெண்டு பேர்னு அர்த்தம். அவர் முன்னாடி நடந்தார், நாம பின்னாடி போறோம்னு அங்க யாரும் பேச மாட்டாங்க. அவர் இப்போ கூட வர்றார்னுதான் பேச்சு. முதல் நாள் சாயங்காலம் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ கோலைக் குடை வைக்கிற தொட்டியில சொருகிட்டு, பூட்ஸைக் கழட்டி என் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லலை. ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டுவந்து, முட்டி போட்டு, கோலோட அடியைக் கழுவி, துண்டால ஒத்தி எடுத்து உள்ளே கொண்டுபோய் மாடத்துல சாய்ச்சு வச்சாங்க. அப்புறம்தான் என்னைப் பார்த்து 'வாங்க, களைப்பா இருப்பீங்க'ன்னாங்க. எனக்கு முகம் சிவந்துபோச்சு. அன்னியில இருந்து அவர் காலைக் கழுவிட்டுத்தான் என் காலு.

பாலத்துல கோலைத் தட்டக் கூடாது. ஒஸு ஊர்ல தாய்ஷிக்கு யாரும் இடம் கொடுக்காம ஒரு பாலத்தடியில படுத்தாராம், குளிர்ல அந்த ஒரு ராத்திரி பத்து ராத்திரி மாதிரி இருந்துச்சாம். எந்தப் பாலத்தடியில அவர் தூங்குறாரோ தெரியாதே, அதனால கோலைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். முதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போ ஒசாகாவுல குடையோட பாலம் தாண்டினாக்கூட கை தானா தூக்குது.

மதம் எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க. ஒவ்வொரு கோயில்லயும் ரெண்டு சன்னிதி: மூலவருக்கு ஒண்ணு, தாய்ஷிக்கு ஒண்ணு. ரெண்டுலயும் ஊதுபத்தி, மெழுகுவத்தி, பேர்ச்சீட்டு (நம்ம பேர், ஊர் எழுதின தாள்), பிரக்ஞாபாரமிதை இதய சூத்திரம். முடிவுல 'கியாத்தேய் கியாத்தேய்... போஜி சோவாக்கா'ன்னு வரும். சோவாக்கான்னா நம்ம ஸ்வாஹாதான், சீனா சுத்தி வந்த களைப்பு. ஹோமத்துக்குக்கூட அங்க 'கோமா'ன்னுதான் பேர். சூத்திரம் தெரியலைன்னா கைகூப்பி நின்னா போதும். முடிஞ்சதும் கோயில் ஆபீஸ்ல முத்திரை வாங்குற நோட்டுப் புத்தகத்தை நீட்டினா தூரிகையால எழுதி மூணு சிவப்பு முத்திரை போட்டுத் தருவாங்க. 2024 ஏப்ரல்ல இருந்து அதுக்கு 500 யென், முன்னாடி 300. நேரம் காலை 8 முதல் 5 மணி வரைக்கும். 5 மணின்னா 5 மணி. 5.02க்கு மூச்சு வாங்க ஓடிப்போய் சாத்தின ஜன்னலைக் கும்பிட்டுட்டு வந்திருக்கேன்.

புளிக்காய்ச்சல்:

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன், அந்தப் பக்கத்துல மூணு மாசம் பட்டினி கிடந்த அனுபவம். ஜப்பான்ல மீனும் கறியும் தள்ளினா மட்டும் சைவம் ஆயிடாது, அடியில தாஷி இருக்கும். அது என்னன்னா நம்ம மாசிக் கருவாடு, அதே மீன், சீவிப் போட்டுக் கொதிக்க வச்ச சாறு. சூப், அவிச்ச காய்கறி, உடோன் நூடுல்ஸ் குழம்பு, டோஃபு மேல ஊத்துற சாஸ், எல்லாத்துலயும் உண்டு. 'நிக்கு (கறி), சகானா (மீன்), தாஷி மூணும் வேண்டாம்'னு ஜப்பானியத்துல ஒரு அட்டையில எழுதி வச்சுக்கோங்க. கோயில் சத்திரத்துலகூட இப்போ மீன் வைக்கிறாங்க, பழைய துறவிச் சாப்பாடுன்னு நம்பிப் போகாதீங்க. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன பாட்டில் நல்லெண்ணெய் எடுத்துட்டுப் போங்க. வெள்ளைச் சோறு எங்க கேட்டாலும் கிடைக்கும், பிசைஞ்சு அடிங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல உப்பு போட்ட வெறும் ஓனிகிரி (சோத்து உருண்டை) எடுக்கலாம். வாழைப்பழம் எல்லா இடத்துலயும் இருக்கு.

குன்றக்குடிக்காரன்:

அம்மா, ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன். கோலைக் கழுவுற இடத்துல எங்க காவடி ஞாபகம் வந்துடுச்சு, அதையும் நாங்க தரையில வைக்க மாட்டோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். வழியில ஜனங்க சாப்பாடு, காசு எல்லாம் கொடுப்பாங்கன்னு படிச்சேன். பழனி வழியில அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கம்தான். ஆனா வெளிநாட்டுல வேலை பார்த்துச் சம்பளம் வாங்குறவன் காசு வாங்குறது கூச்சமா இருக்கு. ரெண்டாவது, நடுவுல முடியாம போயிட்டா? எங்க வீட்டுல நடையைப் பாதியில விட்டா அது குறைன்னு அம்மா வருத்தப்படும்.

வெண்கோல்:

கூச்சத்தைக் கோபேயிலயே விட்டுட்டு வாங்க. அதுக்குப் பேர் ஓசெத்தாய், மறுக்கவே கூடாது. நான் மறுத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்றேன். 5ஆவது கோயில் தாண்டி ஒரு சந்துல, எண்பது வயசு இருக்கும், ஒரு பாட்டி தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டு என்னை நிறுத்தினாங்க. டிஷ்யூ பேப்பர்ல சுருட்டின 100 யென் நாணயம். நான் நம்ம ஊர் வழக்கத்துல 'ஐயோ வேண்டாம் பாட்டி'ன்னு ரெண்டு கையும் ஆட்டிட்டேன். அவங்க முகம் அப்படியே விழுந்துபோச்சு, காசை மடியில போட்டுக்கிட்டு நகர்ந்துட்டாங்க. அப்புறம் ஒரு கோயில் வாசல்ல இன்னொரு ஹென்ரோ விளக்கினார். அவங்களால நடக்க முடியலை, உங்க காலு மூலமா அவங்க காசு நடந்துபோய்ச் சேரும், தாய்ஷிக்குக் கொடுக்கிறதும் அதுவும் ஒண்ணுதான்னு. திரும்பிப் போய் அந்தச் சந்துல தேடினேன். ஆள் இல்லை. வாங்கிக்கோங்க, பதிலுக்கு உங்க பேர்ச்சீட்டு ஒண்ணு கொடுங்க. நாலு சுற்று வரைக்கும் வெள்ளைச் சீட்டு. நூறு சுற்று தாண்டினவங்க கொடுக்கிறது பட்டு நெசவுச் சீட்டு, அது கிடைச்சா பத்திரம்.

மறுக்கிறது அங்க எவ்வளவு பெரிய விஷயம்னா, அந்த யாத்திரையோட ஆதிக்கதையே அதுதான். எமோன் சபுரோன்னு ஒரு பணக்காரன், மாட்சுயாமா பக்கம். பிச்சைக்கு வந்த துறவியை விரட்டினான். கடைசியில அவர் திருவோட்டைத் தட்டிவிட்டான், எட்டுத் துண்டாச்சு. அடுத்தடுத்து அவனோட எட்டுப் பிள்ளைகளும் செத்தாங்க. வந்தவர் தாய்ஷின்னு புரிஞ்சு, மன்னிப்புக் கேட்க அவரைத் துரத்திக்கிட்டுத் தீவைச் சுத்தினான். இருபது சுற்று, ஆள் கிடைக்கலை. இருபத்தி ஒண்ணாவது சுற்று எதிர்த்திசையில நடந்தான், ஷோசான்ஜி மலையில விழுந்தப்போ அவர் எதிர்ல வந்து நின்னார். அந்த இடத்துல இப்பவும் சிலை இருக்கு, அவன் மண்டி போட்டிருப்பான். லீப் வருஷத்துல நிறையப் பேர் தலைகீழாச் சுத்துறது இதனாலதான். பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுன்னு எனக்கு இன்னும் அந்தக் கதை மேல கோபம் உண்டு, அது வேற.

பாதியில விடறது பத்தி. 23ஆவது கோயில்ல இருந்து 24க்கு 75 கிலோமீட்டர். நடுவுல 88ல சேர்ந்த கோயிலே கிடையாது, ஒரு பக்கம் பசிபிக், ஒரு பக்கம் மலை, நடுவுல 55ஆம் நம்பர் ஹைவே. நான் புத்தி கெட்டுப்போய் அதுக்குன்னு புது பூட்ஸ் வாங்கிப் போட்டுட்டுப் போனேன். ரெண்டாம் நாள் மத்தியானம் ரெண்டு குதிகாலும் தோல் உரிஞ்சு காலுறையோட ஒட்டிக்கிச்சு. ஆவா-காய்னான் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து அழுதேன், வலியிலதான், பக்தியில இல்லை. அந்த ஸ்டேஷன்ல ஒரு வேடிக்கை: ரோட்டுல வர்ற பஸ் ஒண்ணு இரும்புச் சக்கரத்தை இறக்கித் தண்டவாளத்துல ஏறிக்கிட்டு ரயிலாப் போகும். அழுகையை நிறுத்திட்டு அதைப் பார்த்துட்டு, எதிர்ப்பக்க ரயில் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். அடுத்த நவம்பர்ல அதே ஸ்டேஷன்ல இறங்கி, அதே பெஞ்சுல இருந்து எழுந்து நடந்தேன், பழைய ஷூவோட. விட்ட இடத்துல இருந்து தொடரலாம், அதுல ஒரு குறையும் இல்லை. அம்மாகிட்ட இப்படிச் சொல்லிடுங்க.

உங்களுக்குக் கஷ்டமான நாள் எதுன்னா 11ல இருந்து 12. ஃபுஜியிதேராவுக்குப் பின்பக்கமே மலை ஆரம்பிச்சுடும், ஏறக்குறைய பதிமூணு கிலோமீட்டர், ஆறுல இருந்து எட்டு மணி நேரம். அந்தச் சரிவுக்குப் பேர் 'ஹென்ரோ கொரொகாஷி', யாத்திரிகனை உருட்டிவிடுற இடம். ஏறி, இறங்கி, மறுபடி ஏறணும். நடுவுல கடை கிடையாது. 11ஆவது கோயில் முத்திரையை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிடுங்க, காலையில ஆறு மணிக்கெல்லாம் கிளம்பணும். கோல்டன் வீக்ல சத்திரம் கிடைக்காது, உங்க ஆபீஸ் ஜப்பான்காரரை இன்னிக்கே போன் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு வேளைச் சாப்பாட்டோட பத்தாயிரம் யென்னுக்கு முன்னபின்ன ஆகும். வர முடியலைன்னா போன் பண்ணி ரத்து பண்ணிடுங்க, தனியாளா சத்திரம் நடத்துற கிழவிங்க உங்களுக்காகச் சோறு வடிச்சு வச்சிருப்பாங்க.

ஏடும்எழுத்தும்:

ஒரு சின்னக் குறிப்பு. கூக்காய் 804இல் சீனா போய், 805இல் சாங்கான் நகரத்தில் ஹுய்குவோ என்ற குருவைச் சந்தித்து தீட்சை பெற்றார். சில மாதங்களில் குரு மறைந்தார், 806இல் இவர் ஜப்பான் திரும்பினார். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வச்சிரபோதி, தென்னிந்தியர். சீனத்து வாழ்க்கைக் குறிப்புகளில் காஞ்சியும் பல்லவ அரசனும் வருகிறார்கள். கடல்வழியாக இலங்கை, ஸ்ரீவிஜயம் என்று போய் 720 வாக்கில் சீனா சேர்ந்தார், 741இல் அங்கேயே மறைந்தார். கோலின் தலைப்பகுதியில் செதுக்கியிருப்பதும் இந்திய எழுத்துதான், சித்தம் என்று பெயர். பிராமியிலிருந்து வந்த வகை, ஜப்பானில் இன்றும் எழுதுகிறார்கள்.

வெண்கோல்:

நல்ல தகவல் ஐயா. காஞ்சிபுரம்னு கேட்டதும் யாரும் 'அப்போ எல்லாம் நம்மதுதான்'னு ஆரம்பிச்சுடாதீங்க, இந்த இழை நாறிப்போகும். ஆனா 85ஆவது கோயில் யாகுரிஜியில நம்ம பிள்ளையார் கான்கிதென்ங்கிற பேர்ல இருக்கார்னு தெரிஞ்சப்போ நானும் தேங்காய் தேடினவதான்.

குன்றக்குடிக்காரன்:

மே 9. திரும்பி வந்துட்டேன். எட்டரை நாள், 1 முதல் 23 வரைக்கும். எல்லாத்தையும் எழுதினா நீளும், மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, செருப்பு. சைக்கிள் தாத்தா பேச்சைக் கேட்டு ஷூ போட்டுத்தான் நடந்தேன். ஆனா 10ஆவது கோயில் கிரிஹாத்தாஜியில 333 படி, அதைப் பார்த்ததும் காலு கேட்கலை. ஷூவைக் கழட்டிப் பையில கட்டிட்டு ஏறினேன். கீழே கடை வாசல்ல இருந்த ஒரு அம்மா பார்த்திருக்காங்க. நான் இறங்கி வர்றதுக்குள்ள உள்ளே போய் ஒரு ஜோடி புதுச் சாம்பல் கலர் காலுறை எடுத்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்கிட்ட ஷூ இருக்குன்னு பையைக் காட்டினேன், தலையை ஆட்டிட்டு காலுறையை நீட்டுறாங்க. வெண்கோல் அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். பேர்ச்சீட்டு கொடுத்தேன். முகவரியில காரைக்குடின்னு எழுதியிருந்தேன், அதைத் தூரத்துல பிடிச்சு, கிட்டத்துல பிடிச்சுப் பார்த்து, 'இந்தோ?'ன்னாங்க. இந்தோன்னா இந்தியான்னு தெரியும், தலையாட்டினேன். கைகூப்பினாங்க. அதோட ஷூவையும் அந்தக் காலுறையையும் மாட்டிக்கிட்டு யோஷினோ ஆத்துல கைப்பிடி இல்லாத தரைப்பாலத்துல கோலைத் தூக்கிக்கிட்டுப் போனேன். எதிர்ல ஒரு கார் வந்துச்சு, ஓரமா ஒதுங்கி நின்னேன், ஓட்டினவர் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போனார்.

ரெண்டு, அந்த உருட்டிவிடுற மலை. பழனிக்குப் பதினோரு தடவை நடந்தவன்ங்கிற திமிரு ரெண்டாவது ஏத்தத்துல இறங்கிடுச்சு. எங்க நடையில முன்னாலயும் பின்னாலயும் ஆயிரம் பேர், ஒருத்தன் அரோகரான்னா காலு தானாப் போகும். இங்க ஒரு ஈ, காக்கா இல்லை. மூச்சு இரையுற சத்தமும் கோல் மணிச் சத்தமும்தான். நானே 'அரோகரா'ன்னு கத்தினேன், காட்டுல எதிரொலிச்சுது. அப்புறம் ஒரு கல்படி வரிசை, தலையைத் தூக்கினா பெரிய தேவதாரு மரத்துக்கு முன்னாடி, ஆள் உயரத்துக்கு மேல, கோபோ தாய்ஷி சிலை நின்னுக்கிட்டு கீழே பார்க்குறார். அங்கேயே உட்கார்ந்து புளிக்காய்ச்சல் சோறு சாப்பிட்டேன். அவருக்கும் ஒரு உருண்டை வச்சேன். தப்பான்னு தெரியலை.

மூணு, 23ஆவது கோயில் யாக்குவோஜி. ஆம்பளைங்களுக்கு 42 வயசு கண்டமாம், அதனால 42 படி, ஒரு படிக்கு ஒரு காசு வச்சுக்கிட்டே ஏறணும். கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல கெஞ்சி ஒரு யென் நாணயமா மாத்தி வச்சிருந்தேன். மேலே போனப்புறம் ஒருத்தர் சொல்றார், அவங்க பழைய கணக்குல எனக்கு 43 ஆம், கண்டம் தாண்டிடுச்சு, ஆனா மறுவருஷமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால வச்சது வீண் இல்லைன்னு.

காலு நல்லா இருக்கு. கோல்தான் அடி நைஞ்சு பூ மாதிரி விரிஞ்சுடுச்சு. கத்தியால வெட்டக் கூடாதுன்னாங்க, கல்லுல தேய்ச்சேன். அம்மா, ஆகஸ்டுல ஊருக்கு எடுத்துட்டுப் போகணும், வர்ற தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில இருந்து அதோடதான் கிளம்பப் போறேன். ஃபிளைட்ல செக்-இன்ல போடலாமா?

வெண்கோல்:

போடலாம், நீளத்தை மட்டும் கவுன்டர்ல முன்கூட்டியே கேட்டுக்கோங்க. கோலோட தலையில இருக்கிற துணியைக் கழட்டாதீங்க. பேக் பண்றதுக்கு முன்னாடி காலைக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டு வைங்க.

பழனி வழியில பாலம் நிறைய வரும்ல?